காற்றுக் குழாய்க்குப் பின்னால் ஒரு கதவு

செய்யாத திருட்டுக்காக ஒருவர் தம் வேலையையும் குடியிருந்த அறையையும் இழந்தார். அதற்கு மேல் இன்னொன்றையும் இழந்தார். அதைப் பிறகு சொல்கிறேன். எடுத்தவன் நான். எடுத்தது ஒரு மரக்கட்டை. "உங்கள் கேமராவுக்குத் தெரியாமல் அந்தக் கூடத்திலிருந்து ஒரு ஆள் வெளியே போக முடியுமா?" என்று எல்லார் முன்னிலையிலும் என்னைக் கேட்டார்கள். முடியும் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் நானே போயிருந்தேன். "முடியாது" என்று சொன்னேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. இரு நாட்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து தகரப் பெட்டிகளோடு நீலகிரிக்கு வந்துகொண்டிருந்த வருஷங்கள். நான் அணு உலைகளை வடிவமைக்கும் ஒரு குழுவில் இளைய பொறியாளனாக இருந்தேன். நாங்கள் வரைந்துகொண்டிருந்தது புது வகை உலை. அது கடைசிவரை கட்டப்படவில்லை. ஆனால் அப்போது அது கட்டப்படும் என்றே எல்லோரும் நம்பினோம்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலையில் எரிந்து முடிந்த எரிபொருளிலிருந்து குண்டுக்கான பொருளைப் பிரித்தெடுக்க வழி உண்டு. அதனால் சில உலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து ஆய்வாளர்கள் வந்து எரிபொருளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார்கள். தாங்கள் இல்லாத நாட்களுக்காகக் கதவுகளுக்கு முத்திரை வைத்துவிட்டு, சில நிமிஷங்களுக்கு ஒரு முறை தானே படம் எடுக்கும் கேமராவை மாட்டிவிட்டுப் போவார்கள். கட்டி முடித்த உலையில் இது பெரிய தொல்லை. கேமரா வைக்க இடம் இருக்காது. வைத்தால் ஏதாவது ஒரு தூண் மறைக்கும். எண்ணுவதற்காக உலையின் வேலையையே நிறுத்த வேண்டியிருக்கும். எங்கள் தலைவர்தான், வரப்போகிறவர்களுக்கு முதல் வரைபடத்திலேயே இடம் விட்டுவிடுவோம் என்றார். எங்கே அவர்கள் உட்கார்வார்கள், எங்கிருந்து பார்ப்பார்கள், எந்தக் கதவு இல்லாமலே சமாளிக்கலாம் என்பதையெல்லாம் கான்கிரீட் போடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

தலைமை அலுவலகத்தில் இதைப் பலர் கேலி செய்தார்கள். "வெளியூர்க்காரன் நம்ம சமையற்கட்டை எட்டிப் பார்க்க நாமே ஜன்னல் வைத்துக் கொடுக்கிறதா?" என்று கேட்டார்கள். தலைவர் கோபப்பட மாட்டார். "எப்படியும் பார்க்கத்தான் போகிறான். சுவரை இடித்துப் பார்ப்பதைவிட ஜன்னல் வழியாகப் பார்க்கட்டுமே" என்பார்.

எரிபொருள் கையாளும் கூடத்தை முழு அளவில் மரத்தால் செய்து பார்க்க வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். அரவேணுவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரி மூடிக்கிடந்தது. இயந்திரங்களை விற்று, நடுவில் இருந்த மாடித் தளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். உயரமான வெற்றுக் கூடமாக நின்றது. பலகை மலிவு, வாடகையும் குறைவு என்று காகிதத்தில் எழுதினார்கள். தலைவருக்குக் கடற்கரை வெயில் ஒத்துக்கொள்ளாததும் ஒரு காரணம் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

தலைவரும் மற்ற இரண்டு பொறியாளர்களும் குடும்பத்தோடு குன்னூரில் வீடெடுத்துத் தங்கினார்கள். கல்யாணமாகாதவன் என்பதால் ஃபேக்டரியின் பழைய மேனேஜர் பங்களாவில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. மீதி அறைகள் பூட்டியிருந்தன. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் எதிரில் இருக்கும் தேயிலைச் சரிவு தெரியாது. என்ன வேலை செய்கிறேன் என்று வீட்டுக்கு எழுதவும் அனுமதி இல்லை. அதனால் அம்மாவுக்கு எழுதும் கடிதங்களில் மழையைப் பற்றியும் குளிரைப் பற்றியும் மட்டுமே எழுதினேன். அவளும் பதிலுக்கு வெயிலைப் பற்றி எழுதினாள்.

மர மாதிரியில் உலையின் மேல்தளம், எரிந்த எரிபொருளைப் போட்டுவைக்கும் குளம், காற்றுக் குழாய்கள், கதவுகள் எல்லாம் இருந்தன. குளத்தில் தண்ணீர் கிடையாது, பலகையடித்த பள்ளம்தான். எரிபொருளுக்குப் பதிலாக, யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரக் கட்டைகளுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்து, எண் எழுதி, அந்தப் பள்ளத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தோம். இனி வேண்டியது ஆய்வாளர் வேஷத்துக்கு ஓர் ஆள். தினமும் வந்து மேஜையில் உட்கார்ந்து, கட்டைகளை எண்ணி, கேமராவில் ஃபிலிம் மாற்றி, எங்கே இடிக்கிறது, எது தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். நடுத்தர உயரம், சாதாரணப் பார்வை இருந்தால் போதும் என்றார் தலைவர். கூலியாட்களைக் கவனித்துக்கொண்ட மேஸ்திரி ஓர் ஆளைக் கூட்டிவந்தார்.

மேஸ்திரி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அவர் தாத்தா காலத்திலேயே குடும்பம் மலைக்கு வந்துவிட்டது. கூட்டிவரப்பட்டவர் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, நாற்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக இந்தியாவைப் பார்த்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்போது அவரை நான் 'நீ' என்றுதான் அழைத்தேன்.

"இங்க எனக்கு என்னா வேலைங்க தொரை?"

"தொரைன்னு கூப்பிடாதே. இங்க நீதான் இன்ஸ்பெக்டர். நாங்கதான் உனக்குப் பதில் சொல்லணும்."

"அப்ப நான்தான் தொரையா?"

மேஸ்திரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏனுங்க, சிலோன்ல கொழுந்து மூட்டை சொமந்தவருக்கு இங்க கோட்டு மாட்டி நாற்காலி போடறாங்களே! நம்முளுக்கு அந்த யோகம் இல்லீங்களே!"

"மேஸ்திரியாரே, நீங்களும் அந்தக் குழியில எறங்கி நில்லுங்க. கட்டையோட கட்டையா ஒங்களையும் எண்ணிப்புடறேன்."

அன்றிலிருந்து அவர் இன்ஸ்பெக்டர். இங்கும் அப்படியே எழுதுகிறேன். ஃபேக்டரியை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது, அதில் தங்கிக்கொண்டார். கூடத்துக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். காலையில் எண்ணி முடித்ததும் என் அறை வாசலில் வந்து நின்று சொல்லுவார்: "பெரட்டு எடுத்தாச்சுங்க. எல்லாரும் ஆஜர்." அவர் ஊர்த் தோட்டங்களில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் எடுப்பதற்குப் பெரட்டு என்று சொல்வார்கள். "ஆயுசு பூரா எங்களைத்தான் எண்ணுனாங்க. இப்பத்தான் எண்ணுற பக்கம் வந்திருக்கேன்" என்று ஒரு நாள் சிரித்தார்.

எங்களுக்குள் ஒரு நடைமுறை இருந்தது. திருட்டுச் சோதனை என்று அதற்குப் பெயர். ஆய்வாளருக்கும் கேமராவுக்கும் தெரியாமல் ஒரு கட்டையை வெளியே கொண்டுபோக முடிகிறதா என்று எங்களில் யாராவது அவ்வப்போது முயன்று பார்ப்போம். அதற்கு முன்னால் தலைவரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கட்டையைத் தொடக் கூடாது. "சொல்லிவிட்டு எடுத்தால் சோதனை. சொல்லாமல் எடுத்தால் திருட்டு" என்பார் தலைவர். இன்னொன்றும் சொல்வார்: "ஆளைப் பார்க்காதீர்கள், பொருளை எண்ணுங்கள். ஆள் நல்லவனா என்று பார்க்க ஆரம்பித்தால் நமக்குப் பழக்கமில்லாதவன்தான் கெட்டவன் ஆவான்."

இன்ஸ்பெக்டரின் மனைவியும் மகளும் அவரோடு வரவில்லை. அவர் பெயர் ஒரு கோப்பிலும் அவர்கள் பெயர் இன்னொரு கோப்பிலுமாக விண்ணப்பங்கள் பிரிந்துபோய், அவரை முதலில் கப்பலேற்றிவிட்டார்கள். அந்த வருஷம்தான் அவர்கள் இருவரும் வந்து மண்டபம் முகாமில் இருந்தார்கள். கணவனுக்கு நிலையான வேலையும் குடியிருக்க இடமும் உண்டு என்று வேலை கொடுத்தவர் எழுதிக் கொடுத்தால் அவர்களை இங்கே அனுப்புவார்கள். இல்லாவிட்டால் எந்த மாநிலத்தில் எந்த இடம் காலியாகிறதோ அங்கே. தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையிட வருகிறவர்கள் திருப்தியாகப் போனால் எங்கள் வேலை இன்னும் இரண்டு வருஷம் நீடிக்கும். பார்வையிடல் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கையெழுத்துக்காகவே இன்ஸ்பெக்டர் நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தார். மகளுக்குப் பதினேழோ பதினெட்டோ. "புள்ளைக்குக் குளிரு பழக்கந்தான். முகாம்லதான் வேக்காட்டுல கெடக்கா" என்பார்.

இனி என் கேமராவின் கதை. கூடத்துக்கு இரண்டு கேமராக்கள் வேண்டும் என்றார் தலைவர். ஒன்று போதும் என்று வாதாடியவன் நான். ஒவ்வொரு கேமராவுக்கும் கனமான சுவரில் ஒரு துளை வேண்டும். ஒவ்வொரு துளையும் ஒரு பலவீனம். சரியான இடத்தில் வைத்தால் ஒரே கேமரா குளத்திலிருந்து வெளியே போகும் எல்லா வழிகளையும் பார்க்கும் என்று வரைந்து காட்டினேன். தலைவர் நெடுநேரம் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். மற்ற இருவரும் கைகுலுக்கினார்கள். அந்த மலையில் எனக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் அந்த ஒற்றைக் கேமரா.

பிறகு காற்றுக் குழாயின் பருமனைக் கூட்டச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து திருத்தம் வந்தது. திருத்தினோம். தச்சர்கள் மரக் குழாயைப் பிரித்துப் பெரிதாக அடித்தார்கள். கேமராவின் பார்வையை நான் மறுபடி போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பார்வையிட வருகிறவர்கள் வர ஒரு நாள் இருக்கும்போது, குளத்தின் மூலையில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். கேமராவின் கண் எனக்குத் தெரியவில்லை. குழாய் மறைத்தது. அந்தக் குழாயை ஒட்டியே போனால் வடிகட்டி மாற்றுவதற்காக வைத்த ஒரு சின்னக் கதவு.

அது ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் கோத்தகிரிக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார்கள். முகாமிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள், வீட்டுச் செய்தி கிடைக்கும் என்று இன்ஸ்பெக்டரும் போயிருந்தார். நான் அந்தச் சின்னக் கதவைத் திறந்து உள்ளே போனேன். குளத்தின் ஓரத்திலிருந்து பதினேழாம் எண் கட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு குழாய்க்குப் பின்னால் நின்றேன். கேமரா டக்கென்று படமெடுக்கும் சத்தம் கேட்கும்வரை நின்றேன். இன்னொரு முறையும் கேட்டது. பிறகு வந்த வழியே வெளியேறினேன்.

வெளியே ஜீப் சத்தம். பார்வையிட வேண்டியவர்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். தலைவர் அவர்களுக்கு ஃபேக்டரியை வெளியிலிருந்து காட்டிக்கொண்டிருந்தார். அப்போதே கட்டையோடு அவர்கள் முன்னால் போய் நின்றிருக்கலாம். நடைமுறையை மீறியதையும், என் ஒற்றைக் கேமரா தவறு என்பதையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். கட்டையைக் கோட்டுக்குள் மறைக்க முடியாது. பங்களாவின் பின்பக்கமாகச் சுற்றி என் அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். காலையில் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் நான் எழுந்து போவதற்குள் வந்தவர்கள் கூடத்தில் நின்றார்கள். எண்ணிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கோட்டுப் போட்டுக்கொண்டு எண்ணினார். ஒரு தடவை எண்ணி, மறுபடி எண்ணி, முகம் மலர்ந்து நிமிர்ந்தார்.

"பெரட்டுல ஒரு ஆளு கொறையுதுங்க! பதினேழு இல்ல. யாரு ஐயா எடுத்தது? கண்டுபிடிச்சுட்டேன் பாத்தீங்களா!"

யாரோ ஒருவர் செய்த சோதனை என்றும், அதைத் தாம் பிடித்துவிட்டதாகவும் நினைத்துச் சந்தோஷப்பட்டார். வந்தவர்கள்கூடப் புன்னகை செய்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"என்னிடம் யாரும் சொல்லவில்லையே" என்றார்.

ஃபிலிமை ஊட்டிக்கு அனுப்பிக் கழுவிக் கொண்டுவந்தார்கள். சாயங்காலம் எல்லாரும் மறுபடி கூடினோம். படங்களில் யாரும் இல்லை. காலியான கூடம் மட்டும் திரும்பத் திரும்ப இருந்தது. ஃபிலிம் மாற்றும் சில நிமிஷங்களுக்குக் கேமரா நின்றிருக்கும். மாற்றுகிறவர் இன்ஸ்பெக்டர்.

மேஸ்திரி தயங்கித் தயங்கிச் சொன்னார். "வெறகுக்குத்தானுங்க சார் எடுத்திருப்பாரு. வேறென்னத்துக்குங்க? மலைக் குளுரு. நல்ல கற்பூர மரம், பத்தவெச்சாப் போதுமுங்க. பெரிய தப்புன்னு நெனச்சிருக்க மாட்டாருங்க."

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். காப்பாற்றுவதாக நினைத்தே சொன்னார்.

அப்போதுதான் தலைவர் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் என்னை நம்பினார். என் கேமராவில் ஓட்டை இருக்கிறது என்று நான் சொன்னால் அந்த நிமிஷமே கேள்வி வேறு பக்கம் திரும்பியிருக்கும். என் வடிவமைப்பில் குறையில்லை என்றால், குறை அந்த மனிதரிடம்தான். இது எனக்கு அப்போதே நன்றாகப் புரிந்தது. புரிந்துதான் "முடியாது" என்றேன்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா நான் எடுக்கலீங்க" என்றார். பிறகு தலைவரிடம், "எங்கூட்டுக்காரியும் புள்ளையும் அங்க முகாம்ல காத்துக்கிட்டு இருக்காங்க. இதுக்காகக் கையெழுத்தை நிறுத்திப்புடாதீங்க. வேணும்னா நான் வெளிய மண்ணு வெட்டுறேன்" என்றார். வந்தவர்கள் முன்னால் தலைவரால் இறங்கிவர முடியவில்லை. நம்பிக்கையை வைத்து நடக்கிற வேலையில் இப்படிப்பட்ட ஆளுக்கு அத்தாட்சி எழுதித் தர முடியாது என்றார். இன்ஸ்பெக்டர் கோட்டைக் கழற்றி, மடித்து, மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அவர் அறை காலியாக இருந்தது.

வந்தவர்கள் போனபிறகு பதினேழாம் எண் கட்டையைப் பிளந்து என் அறைக் கணப்பில் போட்டேன். பெயிண்ட் கருகி அறையெல்லாம் நாறியது. ஜன்னலைத் திறந்துவைத்தும் அந்த வாடை பல நாள் துணிகளிலிருந்து போகவில்லை.

என் வடிவமைப்பு பாராட்டுப் பெற்றது. வேலை இரண்டு வருஷம் நீட்டிக்கப்பட்டது. வேறு ஆளைத் தேட வேண்டாம், கொஞ்ச நாள் நீங்களே அந்த மேஜையில் உட்காருங்கள் என்றார் தலைவர். அதனால் தினமும் காலையில் நானே கட்டைகளை எண்ணினேன். என்னைத் தவிர அங்கே யாரும் கிடையாது. மழைக்காலம் வந்தது, தகரக் கூரையில் விழும் சத்தத்தில், வாய்விட்டு எண்ணினால்கூட என் குரல் எனக்கே கேட்காது. எண்ணி முடித்ததும் யாரிடமாவது போய்ச் சொல்ல வேண்டும் போலிருக்கும். சொல்ல ஆள் இல்லை. மேஸ்திரி டீ கொண்டுவருவார், வைத்துவிட்டுப் போய்விடுவார். முன்பெல்லாம் நின்று பேசுகிறவர். குன்னூரிலிருந்த நண்பர்கள் தீபாவளிக்குக் கூப்பிட்டார்கள். ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் மேஸ்திரியே பேச்செடுத்தார். "நம்ம இன்ஸ்பெக்டரு கூடலூரு தாண்டி ஓவேலிப் பக்கம் காடு வெட்டறாராமுங்க. தெனக்கூலிதானுங்க. திருட்டுப் பேரு அங்கயும் போயிருச்சாட்ட இருக்குதுங்க, நெரந்தர ஆளுன்னு பதிவுல சேத்துக்க மாட்டேங்கறாங்களாமா. பொண்டாட்டி புள்ள இன்னும் முகாம்லயேதான். நான் அன்னைக்கு வெறகுன்னு சொல்லாம இருந்திருக்கோணுங்க."

அவர் தம்மைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்ததும் என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. அன்றே குன்னூருக்குப் போய்த் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பாட்டு மேஜையில் இருந்தார். கை கழுவிவிட்டு வந்தார். என்னைத் திட்டவில்லை.

"எண்ணிக்கை குறைந்ததும் கூடத்தைத்தான் சோதித்திருக்க வேண்டும். நானும் ஆளைத்தான் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "அவரைக் கூட்டி வா" என்றார்.

ஓவேலியில் அவரைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. சரிவில் புதர் வெட்டிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்தக் கட்டையை நான்தான் எடுத்தேன்" என்றேன்.

அவர் பீடி பற்றவைத்துக்கொண்டார். "எதுக்கு?"

"கேமராவுக்குத் தெரியுதான்னு பார்க்க."

"தெரிஞ்சுச்சா?"

"தெரியல."

"அதைச் சொல்லியிருந்தா ஒங்களைத்தானே கெட்டிக்காரர்னு சொல்லியிருப்பாங்க." உண்மையாகவே புரியாமல் கேட்கிறவர் போல என் முகத்தைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். "இங்க வச்சுச் சொல்ல வேணாம். இந்தக் காட்டுல யாருக்குக் கேக்கும்? அன்னைக்கு யார் யார் நின்னாங்களோ அவங்களுக்கு முன்னால சொல்லுங்க."

தலைவர் அதைத் தம் முறையில் செய்தார். மறுநாள் தச்சர்கள், கூலியாட்கள், பொறியாளர்கள் எல்லாரையும் கூடத்தில் நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் தம் மேஜையில் உட்கார்ந்தார். கோட்டைப் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார். "இன்றைக்கு ஒரு திருட்டுச் சோதனை. யார் செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிய வேண்டும்" என்று தலைவர் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நடந்ததை நான் சொன்னேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. பிறகு ஒரு கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு குழாய்க்குப் பின்னால் போய் நின்றேன். தலைவர் சொன்னபடி இன்ஸ்பெக்டர் கேமராவின் கண்வழியே பார்த்தார்.

"தெரியுதா?" என்றார் தலைவர்.

"தெரியல."

"இப்போது?"

"இல்லீங்க. சுத்தமா தெரியல."

சின்னக் கதவு வழியாக வெளியே போய், சுற்றிக்கொண்டு, முன்வாசல் வழியாகக் கட்டையோடு உள்ளே வந்தேன். கூலிப் பெண்களில் யாரோ சிரித்தார்கள். "அட, நம்ம சாரும் கட்டை சொமக்கறாருங்க!" என்று ஒருத்தி சொல்ல, இன்னும் சிலர் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டரின் முன்னால் போய், "ஏனுங்க, நான் வெறகுன்னு சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். "நீங்க குளிரை நெனச்சுத்தான மேஸ்திரியாரே சொன்னீங்க" என்றார் அவர்.

அன்றைக்கே தலைவர் அத்தாட்சி எழுதிக் கையெழுத்திட்டு முத்திரையும் வைத்துக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறினார். நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

முகாமுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மகள் அங்கே இல்லை. ஆண் துணையில்லாத தாயும் பெண்ணும் எத்தனை மாதம் முகாமில் காத்திருப்பது? அவர் பெயரில் திருட்டுப் பேச்சு அங்கேயும் வந்திருக்கிறது. அப்பன் இனிக் கூப்பிட மாட்டான் என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஆந்திராவில் ஒரு நூற்பு ஆலைக்கு இடம் கிடைத்துப் போகவிருந்த குடும்பத்தில் ஒரு பையனுக்கு அவளை அவசரமாகக் கட்டிக்கொடுத்து, அந்தக் குடும்பத்தோடு அனுப்பிவிட்டார்கள். தாயைச் சேர்த்துக்கொள்ள அந்தப் பட்டியலில் இடம் இல்லை. இன்ஸ்பெக்டர் மனைவியோடு மட்டும் திரும்பி வந்தார். இதைத்தான் இன்னொன்று என்று ஆரம்பத்தில் சொன்னேன்.

என்னைக் குழுவிலிருந்து மாற்றிக் கடற்கரையில் வேறொரு வேலைக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன் இரண்டாவது கேமராவை வரைந்தது நான்தான். தலைவர் அதையும் என்னையே செய்யச் சொன்னார். மர மாதிரி இன்னும் கொஞ்ச நாள் நடந்தது, பிறகு திட்டமே நின்றது, ஃபேக்டரியை மறுபடி பூட்டினார்கள். இன்ஸ்பெக்டரும் அவர் மனைவியும் அரவேணுவிலேயே ஒரு சிறு தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், ஒரு வீடு கிடைத்தது.

மகளையும் மருமகனையும் நீலகிரிக்கு மாற்றித் தரும்படி நான் எத்தனையோ அலுவலகங்களுக்கு எழுதினேன். நேரிலும் போனேன். திருமணமானவள் கணவன் குடும்பத்தோடுதான் இருக்க முடியும் என்று பதில் வந்தது. ஒரு அதிகாரி மரியாதையாகவே கேட்டார்: "அந்தப் பெண் கேட்கிறாளா, நீங்கள் கேட்கிறீர்களா?" நான் அவளைப் பார்த்ததே இல்லை.

ஒவ்வொரு வருஷ லீவிலும் மலைக்குப் போனேன். ஓய்வு பெற்றபின் குன்னூரிலேயே வாடகைக்கு வீடெடுத்துக்கொண்டேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாரத்தில் ஒரு நாள் பஸ் பிடித்து அரவேணு போவேன். இன்ஸ்பெக்டர் வெளியே பலகையில் உட்காரச் சொல்வார். தேயிலை விலை, மழை, மேஸ்திரியின் முழங்கால் வலி என்று பேசுவோம். நான் 'நீங்க' என்று பேசுவேன். அவர் எப்போதும் போல ஐயா என்பார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைப்பார். இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. டீயில் ஒரு நாளும் சர்க்கரை குறைந்ததும் இல்லை.

ஒரு முறை, மழை விட்டிருந்த ஒரு வாரத்தில், மேஸ்திரியின் மகன் குன்னூருக்கு வந்த வழியில் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"இன்ஸ்பெக்டரு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாருங்க. அவரு மக ஆந்திராவுல இருந்து வந்திருக்குதுங்க. பேரப் புள்ளைகளும் வந்திருக்குது. பத்து நாளு இருக்குமாட்ட. அதனால இந்த வாரம் நீங்க வர வேண்டாமுன்னு சொல்லச் சொன்னாருங்க."

"சரி" என்றேன்.

"கோவமா ஒண்ணும் சொல்லலீங்க சார்."

"தெரியும்."

அவருக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். வழக்கமாகப் போகும் நாள் வந்தபோது சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். கோத்தகிரி பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் பழக்கத்தில் எனக்கு ஜன்னலோர இடத்தைக் காட்டினார். அது புறப்பட்டுப் போகும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். அவள் ஊருக்குப் போய்விட்டாளா என்று யாரிடமும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை.